அத்தர் தோலில் பட்ட பிறகு என்ன ஆகிறது?

மதுரையில் அத்தர் வாங்குபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. கடையில் பாய் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டும்போது அருமையாக இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டுக்கு வந்து முகர்ந்தால் சந்தனம் போல ஏதோ ஒன்றுதான் தங்கியிருக்கிறது, ஆசைப்பட்டு வாங்கிய மல்லியைக் காணோம். உடனே, ‘நல்ல சரக்கைக் காட்டிவிட்டு வேறு பாட்டிலைக் கட்டிக் கொடுத்துவிட்டார்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி எங்குமே நடக்காது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் பெரும்பாலும் பாய் மேல் தப்பில்லை. காட்டியதும் கொடுத்ததும் ஒரே எண்ணெய்தான். தோலில் பட்ட நொடியிலிருந்து அதற்குள் இருப்பவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன, அவ்வளவுதான்.

அதைப் புரிந்துகொள்ள, அந்தச் சின்ன பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

மல்லிகை வாசம் என்று நாம் ஒருமையில் சொல்கிறோம். மூக்குக்கும் அது ஒரே வாசமாகத்தான் படுகிறது. ஆனால் அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்திருக்கின்றன. பழச் சாயலோடு இனிப்பாக வருவது பென்சைல் அசிடேட். புதுப்பூவின் லேசான குளிர்ச்சியைத் தருவது லினலூல். கொத்தமல்லி விதையின் மணத்தில் பெரும்பங்கும் இதுவே. திராட்சை மிட்டாயை நினைவூட்டும் மெதில் ஆந்த்ரனிலேட் என்று ஒன்று. அப்புறம் இண்டோல். இதைத் தனியாக முகரச் சொன்னால் பாச்சா உருண்டை என்பார்கள், சிலர் அதைவிட மோசமான பெயரும் சொல்வார்கள். ஆனாலும் அது துளியளவு இல்லாவிட்டால் மல்லி வாசம் சோப்பு வாசமாகச் சுருங்கிவிடும். தலை நிறைய மல்லி வைத்தவர்கள் நெருக்கியடித்து நிற்கும் கல்யாண மண்டபத்தில் சில நேரம் தலை கிறுகிறுக்கிறதே, அந்தக் கனத்தில் இண்டோலுக்கும் பங்கு உண்டு.

இந்த மணப்பொருள்களைத் தாங்கிப் பிடிக்க ஒரு அடி எண்ணெய் வேண்டும். பழைய முறையில் அது சந்தன எண்ணெய். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் இன்றும் பெரிய செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். கிளம்பும் ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குள் இறங்கும். அங்கே சந்தன எண்ணெய் காத்திருந்து மணத்தைப் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர் குண்டுமல்லியின் இனத்திலிருந்தே அங்கே மோதியா அத்தர் வடிக்கிறார்கள். ஆனால் சந்தன எண்ணெய் விலை ஏறிப்போன பிறகு, லிக்விட் பாரஃபினும் மணமே இல்லாத வேறு சில கரைப்பான்களும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. மணமும் ஆய்வகத்தில் செய்த மணப்பொருள்களின் கூட்டாக இருக்கலாம். ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம், கடைக் கணக்கில் 12 மில்லி பாட்டில், இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் உள்ள மல்லி எந்தத் தோட்டத்தையும் பார்த்திருக்காது. அதற்காக அது மட்டம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கட்டிய செயற்கைக் கலவை, ஏனோதானோவென்று வடித்த இயற்கை அத்தரைவிட எவ்வளவோ மேல். என் சண்டையெல்லாம் பாட்டிலில் ‘ஒரிஜினல்’ என்று அச்சடித்து ஒட்டுவதோடுதான்.

சரி, தோலுக்கு வருவோம்.

வாசம் என்பது பறந்து வந்து மூக்குக்குள் நுழையும் மூலக்கூறுகள். தோலில் ஒட்டியிருக்கும் வரை எதற்கும் வாசமில்லை; ஆவியாகி மேலே எழும்பினால்தான் வாசம். எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் எழும்புவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். லினலூல் 198-இல், பென்சைல் அசிடேட் 212-இல். சந்தனத்தின் உயிரான சாண்டலாலுக்கு 300 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். நம் தோலின் மேல்பரப்பு வெறும் 32, 34 டிகிரிதான். அங்கே எதுவும் கொதிக்கப் போவதில்லை. கொடியில் போட்ட வேட்டி கொதிக்காமலே காய்கிற மாதிரிதான் இவையும் போகின்றன. ஆனால் எது முந்தும், எது பிந்தும் என்ற வரிசையைக் கொதிநிலையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

பெரியாரிலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஒரே கூச்சல். பழங்காநத்தத்தில் ஒரு கூட்டம் இறங்குகிறது, பசுமலையில் கொஞ்சம், திருப்பரங்குன்றத்தில் பாதி வண்டி காலி. திருநகர் தாண்டும்போது பேச்சுக்குரலே மாறிவிடுகிறது. வழியில் புதிதாக ஒருவரும் ஏறவில்லை. கடைசியில் பேசிக்கொண்டிருப்பவர்களும் பெரியாரிலேயே ஏறியவர்கள்தான். அந்தக் கூச்சலில் அவர்கள் குரல் நமக்குக் கேட்கவில்லை. அத்தர் ‘மாறுகிறது’ என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதுதான். சந்தனம் இரவில் வந்து சேர்வதில்லை, காலையிலேயே அங்கே இருந்தது.

வாசனைத் தொழிலில் இதை மூன்று அடுக்காகப் பிரித்துப் பேசுவார்கள். மேல் அடுக்கு சுமார் கால் மணி முதல் அரை மணி நேரம். எலுமிச்சை வகைகளும் பச்சிலை வாசங்களும் இதில் வரும். நடு அடுக்கு சில மணி நேரம்; பூக்கள் பெரும்பாலும் இங்கேதான். அடி அடுக்கு சந்தனம், வெட்டிவேர், ஊத் எனப்படும் அகில், கஸ்தூரி சாயல் கொண்டவை. இவை காலையில் தொட்டால் இரவு வரை கிடக்கும். மூன்றுக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது. ஒன்று மங்கும்போதே இன்னொன்று தெளியும்.

இதைக் காதால் கேட்பதைவிட மூக்கால் தெரிந்துகொள்ள மஜ்மூஆ வாங்கிப் பாருங்கள். அத்தர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அசல் முறைப்படி அது நாலு அத்தர்களின் கூட்டு: தாழம்பூ, கடம்பு, வெட்டிவேர், அப்புறம் சுட்ட களிமண்ணைக் காய்ச்சி எடுக்கும் மண்வாசனை அத்தர். தாழம்பூவின் கூர்மைக்கு முக்கியக் காரணமான பொருள் 190 டிகிரி பக்கம் கொதிப்பது, லேசானது. அதனால் தொட்டதும் மஞ்சள் தாழை மடலைப் பிரித்த மாதிரி முகத்தில் அடிக்கும். முதல் தடவை முகர்பவர்கள் பலர் இதோடு வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பொறுத்தால் கொஞ்ச நேரத்தில் அது தணிந்து, புழுதியில் முதல் மழை விழுந்த வாசம் தெளியும். சாயங்காலம் பார்த்தால் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த வாசம் மட்டும் மெல்ல வரும். மூன்றில் எது மஜ்மூஆ என்று கேட்டால் மூன்றும்தான். இந்த அத்தரைக் கடை வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் முடிவு செய்பவர் தாழம்பூவை மட்டுமே எடை போடுகிறார்.

சென்ட் ஸ்பிரேக்கும் அத்தருக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே விளங்கிவிடும். ஸ்பிரேயில் பெரும்பகுதி ஆல்கஹால். அது நிமிடத்துக்குள் பறந்துவிடும், போகிற போக்கில் மணத்தையும் அறை முழுக்க வீசிவிடும். அத்தரில் அந்த உந்துதல் கிடையாது. மணப்பொருள்கள் கனமான எண்ணெய்க்குள் கரைந்து கிடப்பதால், தனியாக இருந்தால் போகும் வேகத்தில் அவற்றால் வெளியேற முடியாது. எண்ணெய் பிடித்துப் பிடித்துத்தான் விடும். அதனால்தான் அத்தர் பத்தடி தூரம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிகிறது. ‘வீரியம் இல்லை’ என்று இதைக் குறை சொல்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் முட்டி மோதி உட்காரும் ஊரில் எனக்கு இது பெரிய நற்குணமாகவே படுகிறது.

இனி, ஒரே அத்தர் ஆளுக்கு ஆள் ஏன் வேறாகத் தெரிகிறது? ‘உங்க உடம்பு வாகு அப்படி’ என்று கடையில் சொல்வார்கள். தோலின் அமிலத்தன்மை வாசத்தையே மாற்றிவிடும் என்று இணையத்திலும் எழுதுகிறார்கள். நம் எல்லோருடைய தோலும் பொதுவாக லேசான அமிலத்தன்மை கொண்டதுதான், அமிலத்தை அளக்கும் pH கணக்கில் ஐந்தை ஒட்டிய அளவு. அந்தச் சின்ன ஏற்றஇறக்கம் சில மணி நேரத்தில் ரோஜாவை வேறு பூவாக்கிவிடாது. பெரிய வித்தியாசம் வருவது சாதாரணக் காரணங்களால். முதலாவது தோலின் எண்ணெய்ப் பசை. பசையுள்ள தோல் மணப்பொருளைத் தன்னுள் கரைத்து வைத்து நிதானமாக விடுகிறது. வறண்ட தோலில் அந்தக் கையிருப்பு இல்லை. மேல் அடுக்கும் நடு அடுக்கும் சீக்கிரமே ஓடிவிடும். அப்படிப்பட்டவர்கள் குளித்துத் துவட்டியதும் வாசனையில்லாத லோஷனையோ துளி தேங்காய் எண்ணெயையோ தடவி அதன் மேல் அத்தரைத் தொட்டால் நேரம் கூடும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் முந்திக்கொள்ளும்.

இரண்டாவது சூடு. பத்து டிகிரி கூடினால் இந்த வகைப் பொருள்கள் ஆவியாகும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் மாசி வீதியில் நடந்துவிட்டு வந்தால் தோலின் சூடு சில டிகிரிதான் ஏறியிருக்கும். ஆனால் கூடவே காற்றும் வியர்வையும் சேர்ந்துகொள்கின்றன. தை மாதக் காலையில் மதியம் வரை தாங்கும் மல்லி, சித்திரையில் பத்து மணிக்கே ஓய்ந்துவிடுவது அதனால்தான். ஏசி அறைக்குள் தோலைவிட்டு விலகி நிற்கும் சட்டைத் துணி 25 டிகிரி பக்கம் இருக்கும்; ஆகவே துணியில் பட்ட அத்தர் மறுநாளும் கிடக்கிறது. தொழுகைக்குப் போகும் பெரியவர்கள் அத்தரில் நனைத்த பஞ்சைக் காது மடலுக்குள் செருகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு ஒரு சின்ன தேக்கம். காதின் லேசான சூடு அதை மெல்லக் கிளப்புகிறது. தோலின் பசையோடு எண்ணெய் கலந்துவிடுவதும் குறைகிறது. மேல் அடுக்கின் ஆயுளை நீட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வியர்வைக்குத் தனியாக அவ்வளவு வாசம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அதை அத்தர் மறைக்காது, அதோடு கலந்து மூன்றாவதாக ஒன்றைப் பண்ணிவிடும். அக்குளில் அத்தர் வைப்பது வேண்டாத வேலை.

தோலுக்குத் தோல் மாறுவதில் ஒரு வாசம் மட்டும் தொழில்காரர்களிடையே பெயர் எடுத்தது, அதுவும் நம் ஊர்ப் பூக்கடையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் மரிக்கொழுந்து. தவனம் என்றும் சொல்வார்கள். அதன் எண்ணெய் ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாகத் திரும்பும் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. ஒருவர் கையில் பழ வாசம் எடுக்கும், இன்னொருவர் கையில் கசப்பான தழை வாசமே நிற்கும். வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒரு பாட்டிலை வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

அப்புறம் மதுரைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. எந்த மல்லி அத்தரும் ஏன் சரத்து மல்லி மாதிரி இல்லை? மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியின் பெயரைச் சொல்லி விற்கும் எண்ணெயும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் பூவின் கதை வேறு. விடியற்காலையில் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிக்கு வரும் மல்லியில் பகலில் அவ்வளவு வாசம் இருக்காது. பறித்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. பொழுது சாயும்போது மொட்டு அவிழத் தொடங்குகிறது, அப்போதுதான் மணத்தை முழு வேகத்தில் உண்டாக்கி வெளியே விடுகிறது. பறந்துபோன லினலூலுக்குப் பதில் புது லினலூல் உள்ளே தயாராகிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க மேல் அடுக்கு தீராத வாசம் அது. தோலில் பட்ட அத்தர்த் துளி அப்படி எதையும் புதிதாகச் செய்யாது. இருப்பதைச் செலவழித்துவிட்டு ஓய்ந்துவிடும்.

பூவிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் இந்தச் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பவைதான். காலையில் வாங்கிய மொட்டை அப்படியே போடாமல் பரப்பி வைத்து, அவிழ்ந்த பிறகு ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊற வைக்கிறார்கள். கரைப்பானை நீக்கினால் மெழுகு போல காங்க்ரீட் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை வடிகட்டினால் மிஞ்சுவது அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குச் சுமார் ஆயிரம் கிலோ அளவில் பூ வேண்டும் என்றால் விலையை யோசித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தும், மிக லேசான வாசங்கள் கரைப்பானோடு போய்விடுகின்றன, கனமானவை தங்கிவிடுகின்றன. ஆகவே அசல் அப்சல்யூட் கூடச் சரத்து மல்லியைவிடக் கனமாக, கொஞ்சம் தேயிலையும் பழமும் கலந்த மாதிரிதான் இருக்கும். சரத்து மல்லி மாதிரியே மணக்கிற எண்ணெய் வேண்டுமென்றால், நேர்மையாகச் சொன்னால், கெட்டிக்காரர் கட்டிய செயற்கைக் கலவைதான் அதற்குக் கிட்டே வரும்.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தர் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி தொடுபவர்கள் உண்டு. பல நேரம் அத்தர் போகவில்லை, மூக்கு பழகிவிட்டது. ஒரே வாசம் தொடர்ந்து வந்தால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது இயல்பு. பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவருக்கு மல்லி வாசமே தெரியாத மாதிரி. இதைச் சரிபார்க்க வீட்டில் வேறு ஒருவரைக் கேளுங்கள்:

“ஏம்மா, இன்னும் வாசம் வருதா?”

“தெருமுனையிலயே வந்துச்சு, போதும் விடுங்க.”

சில கஸ்தூரி வகை மூலக்கூறுகள் சிலர் மூக்குக்குப் பிறவியிலேயே படாது என்பதும் உண்மை. ஒருவருக்கு ஆளைத் தூக்கும் வாசம், பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் எண்ணெயாகத் தெரியலாம். கடைகளில் நடுநடுவே காப்பிக்கொட்டையை முகரச் சொல்வதால் மூக்கு புதிதாகிவிடாது. சோதித்துப் பார்த்தபோது சும்மா காற்றை முகர்வதைவிட அது ஒன்றும் கூடுதலாக உதவவில்லை. வாசலுக்கு வந்து ரெண்டு நிமிடம் நில்லுங்கள், போதும்.

வாங்கும்போது ஒரு கைக்கு ஒன்று, மொத்தம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் தொடுங்கள். தொட்டதும் இரண்டு மணிக்கட்டையும் தேய்க்கிற பழக்கத்தை விடுங்கள். தேய்த்தால் மூலக்கூறு ‘உடைந்துவிடும்’ என்பது கட்டுக்கதை. ஆனால் எண்ணெய் பரவி, சூடேறி, மேல் அடுக்கு அவசரமாகக் கிளம்பிவிடும் என்பது உண்மை. அப்புறம் காசு கொடுக்காமல் கடையை விட்டுக் கிளம்புங்கள். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, ஒரு ஜிகர்தண்டா குடித்து, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மூணு மில்லி பாட்டில் வாங்கலாம். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார்.

ஒவ்வாமை உள்ளவர்கள் முழங்கையின் உள்மடிப்பில் துளி வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. எலுமிச்சையோ, அதன் இனத்துப் பழமான பெர்கமாட்டோ சேர்ந்த எண்ணெய்களில் இன்னொரு ஆபத்து: அவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கி, கருந்தழும்பை விட்டுவிட்டுப் போகும். அந்த வகையைக் கழுத்தில் தொட்டுக்கொண்டு மதிய வெயிலில் பைக்கில் போகாதீர்கள்.

பாட்டிலைச் சூடும் வெளிச்சமும் படாத இடத்தில் இறுக மூடி வையுங்கள். பூஜை அலமாரி விளக்குக்குப் பக்கத்திலும் கார் டேஷ்போர்டிலும் வேண்டாம். லிமோனீனும் லினலூலும் காற்றுப் பட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் வாசம் கெடுவதோடு, தோலுக்கு ஒவ்வாத பொருள்களாகவும் மாறுகின்றன. பாதி காலியான எலுமிச்சை வகை பாட்டிலை வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். சந்தனமும் வெட்டிவேரும் அப்படியில்லை, வயதாக ஆக முரட்டுத்தனம் குறைந்து நன்றாகவே இருக்கும். மல்லி அத்தர் நாளடைவில் பழுப்பேறினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். இண்டோலும் ஆந்த்ரனிலேட்டும் நிறம் மாறுவதுதான் அது. கையில் தொட்டுப் பார்த்து வாசம் சரியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், வெள்ளைச் சட்டையில் மட்டும் படாமல்.